விடுமுறையில் மேடையும் கணினியும் சேரட்டும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் எமது வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: பெறுபேறு வரும்வரை பிள்ளையை எங்கே அனுப்புவது? பெரும்பாலும் விடை இரண்டுதான். ஒன்று, உயர்தரப் பாடங்களுக்கான பிரத்தியேக வகுப்பு. மற்றது, சான்றிதழ் தரும் கணினி வகுப்பு. தவணை விடுமுறையிலும் நோன்பு விடுமுறையிலும் ஏறக்குறைய இதே கதைதான். இவ்விரண்டையும் நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. நாடகம், கதைசொல்லல், பாடல் ஆகிய அரங்கக் கலைகளையும் ஒலிப்பதிவு, படப்பிடிப்பு, தொகுப்பு ஆகிய பல்லூடகத் தொழில்நுட்பத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் ஒரு வாரச் செயலமர்வே அது. எமது கல்லூரி போன்ற பெண்கள் பாடசாலைகள் அதனை விடுமுறைதோறும் நடத்த வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் இரண்டையும் சேர்க்க வேண்டும்? சாதாரண தரத் தொகுதிப் பாடங்களில் ஒரு மாணவி நாடகமும் அரங்கியலும் பாடத்தையும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தையும் ஒருங்கே தெரிவு செய்யலாம். ஆயினும் நேரசூசியில் அவை இரண்டும் ஒருபோதும் சந்திப்பதில்லை. தமிழ்மொழித் தினப் போட்டிக்காகவோ மீலாத் விழாவுக்காகவோ வாரக்கணக்கில் ஒரு நாடகம் பழகுகிறோம். மேடையில் சில நிமிடங்கள். கைதட்டல் ஓய்ந்ததும் அது மறைந்துவிடுகிறது. மறுபக்கம், கணினி வகுப்பில் எழுத்தின் நிறத்தை மாற்றவும் படத்தை ஒட்டவும் பழகுகிறோம். அங்கே சொல்வதற்கு எம்மிடம் ஒரு கதை இருப்பதில்லை. ஒரு பக்கம் சொல்ல விடயம் உண்டு, காத்து வைக்கக் கருவி இல்லை. மறுபக்கம் கருவி உண்டு, விடயம் இல்லை.

இவ்விணைப்பு எமது சமூகத்துக்குப் புதியதும் அல்ல. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை இதைத்தான் செய்தது. அதன் வானொலி நாடகங்களையும் ‘மாதர் மஜ்லிஸ்’ நிகழ்ச்சியையும் எமது உம்மாமாரின் தலைமுறை நன்கறியும். வீட்டுக்குள் இருந்த பெண்ணின் எழுத்தும் குரலும் ஒலிவாங்கி வழியாக நாடெங்கும் சென்றன. அன்று அதற்கு ஒரு நிலையம் தேவைப்பட்டது. இன்று ஒரு கைத்தொலைபேசியும் அமைதியான அறையும் போதும்.

செயலமர்வில் என்ன நடக்கும் என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஐந்து நிமிட வானொலி நாடகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் மாணவியர் கதையைப் பேசி எழுதுவார்கள். இரண்டாம் நாள் குரற் பயிற்சி. கோபத்தைக் கத்தாமல் காட்டுவது எப்படி, எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர் காத்திருப்பார் என்பதை அரங்க ஆசிரியை பழக்குவார். மூன்றாம் நாள் பதிவு. மின்விசிறியை நிறுத்தி, எதிரொலி அடங்கத் தடித்த திரைச்சீலையோ மெத்தையோ வைத்து, தொலைபேசியை ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பேச வேண்டும். அரிசியைத் தாளில் கொட்டினால் மழை பெய்யும். சிரட்டைகளைத் தட்டினால் குதிரை ஓடும். நான்காம் நாள் ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் வெட்டி ஒட்டுதல். ஐந்தாம் நாள் எல்லோரும் கூடியிருந்து கேட்டல். இந்த ஐந்து நாளில் தமிழ் எழுத்து, உச்சரிப்பு, கூட்டு வேலை, கணினி நான்கும் ஒரே பயிற்சியில் சேர்ந்து வருகின்றன.

‘சரி, ஆனால் எங்கள் பிள்ளையின் முகம் இணையத்தில் அலையக் கூடாது’ என்பதே பெற்றோரின் பெரிய அச்சம். அது வீணான அச்சம் அல்ல. ஆனால் முகம் காட்டாமலே செய்யக்கூடிய கலைகள் பல உள்ளன. வானொலி நாடகம் ஒன்று. நிழற்கூத்து இன்னொன்று: ஒரு வெள்ளைத் துணி, ஒரு மின்குமிழ், அட்டையில் வெட்டிய உருவங்கள். உருவத்தை விளக்குக்கு அருகே கொண்டுபோனால் நிழல் பெருக்கும். துணிக்கு அருகே கொண்டுவந்தால் சிறுத்துக் கூர்மையாகும். ஜேர்மனியைச் சேர்ந்த லொட்டே ரைனிகர் என்ற பெண், கத்தரிக்கோலால் வெட்டிய இத்தகைய உருவங்களை ஒவ்வொரு படமாக நகர்த்திப் படம்பிடித்து, 1923 இல் தொடங்கி 1926 இல் ஒரு முழுநீளத் திரைப்படத்தை முடித்தார். அதன் பெயர் ‘இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்’. கதை ஆயிரத்தொரு இரவுகளிலிருந்து எடுத்தது. இன்று எஞ்சியுள்ள முழுநீள அசைவூட்டப் படங்களில் அதுவே மிகப் பழையது. அந்தப் படத்தில் ஒரு நடிகையின் முகம்கூட இல்லை.

இரண்டாவது அச்சம், ஏற்கெனவே தொலைபேசியில் மூழ்கியிருக்கும் பிள்ளையை இது மேலும் மூழ்கடிக்காதா என்பது. பார்ப்பதற்கும் ஆக்குவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. செக்கனுக்கு 12 படங்கள் என்று வைத்தாலே ஒரு நிமிட அசைவூட்டத்துக்கு 720 படங்கள் எடுக்க வேண்டும். பத்து செக்கன் காட்சிக்காக ஒரு மாலைப்பொழுது முழுவதும் குனிந்திருந்து 120 படங்கள் எடுத்த பிள்ளை, அதற்குப் பிறகு எந்தக் காணொளியையும் முன்போல் வாய் பிளந்து பார்க்கமாட்டாள். இது எப்படிச் செய்யப்பட்டது, எங்கே வெட்டப்பட்டது என்று கேட்பாள்.

அந்தக் கேள்விதான் எம் பெண்களுக்கு இன்று மிகவும் தேவையான பாதுகாப்பு என்று நான் கருதுகிறேன். ஒரு சிறு பயிற்சியைச் சொல்கிறேன். ‘நான் போவேன் என்று யார் சொன்னது?’ என்று ஒருத்தி கேட்பதைப் பதிவு செய்யுங்கள். பின்பாதியை வெட்டிவிடுங்கள். ‘நான் போவேன்’ என்பது மட்டும் எஞ்சும். குரல் அவளுடையது, சொற்களும் அவளுடையவை. பொருள் மட்டும் தலைகீழ். ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்க இவ்வளவே போதும் என்பதைத் தன் கையாலேயே வெட்டிப் பார்த்த மாணவி மறக்கமாட்டாள். வட்ஸ்அப்பில் வரும் குரற்பதிவொன்றை வைத்து இன்னொருத்தியைப் பற்றிப் பேசவும் தயங்குவாள். தொலைபேசியைப் பறித்து வைப்பதால் இந்த அறிவு வராது. அவளிடம் மறைத்து வைத்த கருவி, அவளைப் படம்பிடிக்கும் மற்றவரின் கையில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இதற்கு வரம்புகளும் வேண்டும். பயிற்றுநர்கள் பெண்களாக இருக்க வேண்டும். பதிவுகள் கல்லூரியின் பொறுப்பில் இருக்க வேண்டும். மாணவியும் பெற்றோரும் எழுத்தில் சம்மதிக்காமல் எதுவும் வெளியே போகக் கூடாது. இறுதி நாள் அரங்கு தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் உரியதாக இருக்கலாம். இவ்விதிகளை மாணவியரே பேசி எழுதினால் அதுவும் ஒரு பாடம். செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாடசாலைக் கணினி அறை விடுமுறையில் பூட்டித்தான் கிடக்கிறது.

செயலமர்வின் முதல் வேலையாக எதைச் செய்யலாம்? எமது உம்மும்மாமாரிடம் தாலாட்டுகள் இருக்கின்றன. கிழக்கில் வயலோடும் வாழ்வோடும் வளர்ந்த நாட்டார் கவிகள் இருக்கின்றன. எஸ்.எச்.எம். ஜெமீல் போன்றோர் முஸ்லிம் நாட்டார் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினர். ஆனால் அச்சில் மெட்டு இல்லை. இழுத்துப் பாடும் இடமும் மூச்சு வாங்கும் இடமும் இல்லை. பாடியவர் மறைந்தால் மெட்டும் அவரோடு போய்விடுகிறது. ஒவ்வொரு மாணவியும் தன் குடும்பத்தின் மூத்த பெண் ஒருவரின் ஒரு பாடலையோ கதையையோ அவரது சம்மதத்தோடு பதிவு செய்து வரட்டும். அதை வைத்து நாடகம் எழுதட்டும், நிழல் அசைக்கட்டும். மூலப்பதிவு கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும். நாற்பது மாணவியர் வந்தால் நாற்பது பாடல்கள் மிஞ்சும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்குப் பிரத்தியேக வகுப்புக் கட்டணத்தை எண்ணிவைக்கும்போது, ஒரு வாரத்தை இதற்கென்று ஒதுக்கித் தாருங்கள். அதிபரிடமும் பழைய மாணவியர் சங்கத்திடமும் நீங்களே கேளுங்கள். மாணவியர் கேட்டால் அது ஆசை என்று கருதப்படும்; பெற்றோர் கேட்டால் அது தேவை என்று ஏற்கப்படும்.