பயிற்சி வருடம் எங்கே?

சென்ற வெள்ளிக்கிழமை மாலை நாரந்தனையிலுள்ள எமது இல்லத்துக்கு ஒரு தாயார் வந்தார். அவருடைய மகன் என்னிடம் பயின்றவன். வைத்திய இறுதிப் பரீட்சையில் தேறி, உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருப்பவன்.

“மாஸ்டர், யாழ்ப்பாணத்தை விட்டுத் தூர இடம் கேட்கப்போகிறானாம். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் கேட்பான்” என்றார்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. இவ்வினா ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று.

நம் நாட்டில் ஐந்தாண்டுக் கல்வி முடித்தவர் ஓராண்டு வைத்தியசாலையிலேயே தங்கிப் பணியாற்றுதல் வேண்டும். பொது வைத்தியம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை வைத்தியம் என்பவற்றுள் இரண்டில் ஆறாறு மாதங்கள். அதன் பின்னரே முழுமையான பதிவு கிடைக்கும்.

யாழ்ப்பாணத்திலே 1978 இல் தோன்றிய வைத்திய பீடத்துக்கு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையே கல்விக்களம். அங்கே நிபுணர் பலர் உளர். நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி வரும் முதியவர், “நெஞ்சுக்குள்ளே பிசையுது” என்றால், நம் பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஆயினும், மேற்படிப்புப் பயில்வோர் பலர் நிற்குமிடத்தில் கைவேலை இளையவனுக்குக் கடைசியாகவே வந்து சேரும்.

தூரத்துச் சிறிய வைத்தியசாலையிலோ கை விரைவில் பழகும். சிங்களமும் நாவிற் படியும். ஆனால் நள்ளிரவில் ஐயம் தோன்றினால் அருகே மூத்தவர் இல்லாது போகலாம். கை பழகுவது நன்று. பிழையே பழகிவிட்டாற் கேடு.

இன்னொன்றும் உண்டு. 1889 இல் அமெரிக்காவின் பால்ட்டிமோரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை திறக்கப்பட்டபோது, பயிற்சி வைத்தியர் அங்கேயே வசித்துக் கற்கும் முறை உருவாகியது. 1984 இல் நியூயோர்க்கில் ஓர் இளம் மாணவி இறந்ததும், அத்தகையோரின் நீண்ட வேலைநேரம் பெருஞ் சர்ச்சைக்குள்ளாயிற்று. 2003 இல் அந்நாடு முழுவதும் வாரத்துக்கு 80 மணி என எல்லை வகுக்கப்பட்டது. அதிலும் ஓர் இடர் உண்டு: நேரம் குறையக் குறைய நோயாளி கைமாறுவது கூடும், ஒருவர் அறிந்தது மற்றவரைச் சென்றடையாது போகலாம்.

பல ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் ஒரு வைத்தியசாலையில் இருந்தபோது, உறக்கமிழந்த இளம் வைத்தியர் ஒருவர் மருந்தின் அளவைப் பிழையாக எழுதிவிட்டார். மூத்த தாதியார் கண்டு கேட்டமையால் தப்பினோம். அவ்வைத்தியரை நான் இன்றுவரை நொந்துகொண்டதில்லை. அவரைத் தனியே விட்ட ஏற்பாட்டையே நொந்துகொள்கிறேன்.

ஆதலால் மறுநாள் அம்மாணவனை அழைத்து, ஊரின் பெயரைப் பாராது மூன்று வினாக்களுக்கு விடை தேடச் சொன்னேன். இரவில் அழைத்தால் வருவதற்கு மூத்தவர் உளரா? இரவுக் கடமையை எத்தனை பேர் பகிர்கின்றனர்? முன்பு அங்கே பயின்றவர் என்ன சொல்கின்றனர்? இம்மூன்றும் நன்றாயின் தூரம் ஒரு குறையன்று. நன்றல்லவாயின் அண்மை ஒரு நிறைவுமன்று.

தாயாரிடமும் இதனைக் கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், “அங்கே சாப்பாடு எப்படி, மாஸ்டர்?” என்றார்.

அதனை நாலாவது வினாவாகச் சேர்த்துக்கொண்டேன். உறங்காத வைத்தியனைப் போலவே உண்ணாத வைத்தியனும் நோயாளிக்கு நல்லவனல்லன்.