பாட்டைத் தள்ளிவிட முடியாத படங்கள்!

கைபேசியில் படம் ஓடுகிறது. பாட்டு ஆரம்பிக்கிறது. விரல் தானாகப் போய்த் திரையின் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டுகிறது. பத்து நொடி, இருபது நொடி, முப்பது நொடி... வசனம் வந்ததும் விரல் ஓய்கிறது. பல வீடுகளில் இன்று படம் பார்ப்பது இப்படித்தான். இத்தனை தள்ளியும் கதை புரியாமல் போவதில்லை. அப்படியானால் அந்தப் பாட்டு அங்கே எதற்கு?

புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. வீரமாமுனிவர் பணியாற்றிய பெரியநாயகி மாதா ஆலயம் உள்ள ஊர் இது. ஈஸ்டரை ஒட்டி இங்கே பாஸ்கா நாடகம் நடக்கும். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா மரபில், வசனம் போலவே பாட்டும் கதையைச் சுமக்கும். இதே மாவட்டத்தின் விராலிமலையைச் சேர்ந்தவர், 2022-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற சதிர்க் கலைஞர் முத்துக்கண்ணம்மாள். ஆடுபவரே பாடவும் வேண்டும் என்பது சதிர் மரபு. பாட்டையும் ஆட்டத்தையும் கதையையும் பிரித்துப் பார்க்காத மண் இது.

கடல் தாண்டி ஹாலிவுட்டிலும் இப்படி ஒரு காலம் இருந்தது. 1930-களில் தொடங்கி 1960-கள் வரை அங்கே வந்த 'மியூசிக்கல்' படங்கள்தான் அவை.

மேடையில் இருந்து வந்தவர்கள்

பேசும் படத்துக்கான சிறந்த பட ஆஸ்கரை முதலில் வாங்கியதே ஒரு மியூசிக்கல்தான்: 1929-ல் வெளியான 'தி பிராட்வே மெலடி'. இரண்டு வருடம் கழித்து, 1931-ல் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தது. அதிலும் பாட்டுக்குப் பஞ்சமில்லை. காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான். அங்கே நியூயார்க் பிராட்வே மேடை. இங்கே நாடகக் கம்பெனிகள். மேடையில் பாடியவர்களே கேமரா முன் வந்து நின்றார்கள்.

அப்படி பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்து திரைக்கு வந்தவர்தான் புதுக்கோட்டைக்காரரான பி.யு.சின்னப்பா. 1944-ல் வந்த 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் ஒரே காட்சியில் ஐந்து சின்னப்பாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். பாடுவதும் அவரே, பக்கவாத்தியம் வாசிப்பதும் அவரே. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் தியேட்டரையே வாய் பிளக்க வைத்த காட்சி அது.

அதற்கு எட்டு வருடம் முன்பு, 1936-ல் வெளியான 'ஸ்விங் டைம்' படத்தில் ஃப்ரெட் அஸ்டயர் தன்னுடைய மூன்று நிழல்களோடு போட்டி போட்டு ஆடினார். கடைசியில் நிழல்களே ஈடுகொடுக்க முடியாமல் விலகிப் போய்விடும். ஒருவர் புதுக்கோட்டை, இன்னொருவர் அமெரிக்கா. இருவரும் செய்தது ஒன்றுதான். தந்திரக் காட்சியை வேடிக்கைக்காக மட்டும் வைக்காமல், தங்கள் வித்தையைக் காட்டும் மேடையாக்கினார்கள்.

அஸ்டயருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆடும்போது தலை முதல் கால் வரை முழு உருவமும் திரையில் தெரிய வேண்டும். முடிந்தவரை வெட்டு இருக்கக் கூடாது. ஒரு நொடிக்கு இரண்டு காட்சி மாறும் இன்றைய பாட்டுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரு மனிதர் மூச்சு வாங்காமல் ஆடி முடிப்பதை முழுதாகப் பார்ப்பதே புது அனுபவம்.

பாட்டு என்ன வேலை செய்கிறது?

1939-ல் வந்த 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் பண்ணை வீட்டுச் சிறுமி டோரத்தி, வானவில்லுக்கு அப்பால் இருக்கும் ஓர் இடத்தை நினைத்துப் பாடுவாள். முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு, படத்தின் வேகத்தைக் குறைக்கிறது என்று சொல்லி அந்தப் பாட்டையே வெட்டப் பார்த்தார்கள். நல்லவேளையாகத் தப்பியது, ஆஸ்கரும் வாங்கியது. அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அவளுடைய ஏக்கம் தெரியாது. ஏக்கம் தெரியாவிட்டால், அவள் பிறகு வீடு திரும்பத் துடிப்பதற்கும் அர்த்தமிருக்காது.

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) படத்தில் மனைவியை இழந்த கேப்டன், பிள்ளைகளை விசில் ஊதித்தான் கூப்பிடுவார். வீட்டில் பாட்டுச் சத்தமே கிடையாது. ஒருநாள் கோபத்தில் ஆசிரியை மரியாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டுத் திரும்புகிறார். உள்ளே பிள்ளைகள் பாடுவது கேட்கிறது. தயங்கித் தயங்கி அவரும் சேர்ந்து பாடுகிறார். "மன்னித்துவிடுங்கள்" என்று பத்து வசனம் பேசியிருந்தாலும் அந்த மாற்றம் வந்திருக்காது. அந்த மூன்று நிமிடத்தைத் தள்ளிவிட்டால் அப்பா மாறியதே தெரியாது.

குரல் யாருடையது?

'சிங்கிங் இன் த ரெய்ன்' (1952) மௌனப் படங்கள் பேசும் படங்களாக மாறிய காலத்தின் கதை. புகழ்பெற்ற நடிகையின் குரல் சகிக்கவில்லை; அவருக்காகத் திரைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் குரல் கொடுக்கிறாள். இதே கதை தமிழ் சினிமாவுக்கும் தெரியும். 1945-ல் ஏவிஎம் எடுத்த 'ஸ்ரீவள்ளி'யில் திரையில் தோன்றியவர் குமாரி ருக்மிணி. பாடல்களில் ஒலித்தது பி.ஏ.பெரியநாயகியின் குரல். ஹாலிவுட்டில் 'மை ஃபேர் லேடி' (1964) படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்காகப் பெரும்பாலான பாடல்களைப் பாடியவர் மார்னி நிக்ஸன். படத்தில் அவர் பெயர் வரவில்லை. மழையில் நனைந்து ஆடும் அந்தப் பிரபலக் காட்சியில் ஜீன் கெல்லிக்கு 103 டிகிரி காய்ச்சல் என்பார்கள். கைதட்டலுக்குப் பின்னால் இருந்த உழைப்பையும் சேர்த்துப் பார்க்க வைப்பது இந்தப் படத்தின் தனிச்சிறப்பு.

குறையும் உண்டு

இந்தப் படங்கள் எல்லாமே தங்கம் என்று சொல்லிவிட முடியாது. பல படங்களில் கதை வெற்றிலைக் காம்பு அளவுதான். மேலே சொன்ன நிழல் நடனத்தில் அஸ்டயர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு வருவார். கறுப்பின மக்களைக் கேலிப்பொருளாக்கிய மேடைப் பழக்கத்தின் மிச்சம் அது. இதைவிட வேதனையானது லீனா ஹார்னின் கதை. அபாரமான பாடகி. கறுப்பினப் பெண் என்பதால், எம்ஜிஎம் படங்களில் அவருடைய பாடல்களைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுத்தார்கள். அமெரிக்காவின் தென்மாநிலத் தியேட்டர்களில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிய வசதியாக இருக்க வேண்டுமே!

ஆக, பாட்டு கதையோடு ஒட்டுகிறதா என்பது ரசனைக் கேள்வி மட்டுமில்லை. கதைக்குள் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதும் அதில் இருக்கிறது.

பிள்ளைகளோடு பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் தொடங்கலாம். நூறு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். மறுவாரம் 'சிங்கிங் இன் த ரெய்ன்'. மூன்று மணி நேரத்தை நெருங்கும் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கை லீவு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், 'ஜகதலப்பிரதாபன்' பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ரிமோட்டை மட்டும் கொஞ்சம் எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.