ஸ்டியரிங் கனமா? குறை கையில் இல்லை!

கார் ஓட்டுகிற பெண் ஒருத்தி, "ஸ்டியரிங் ரொம்ப கனமா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். வீட்டிலும் சரி, ஒர்க்‌ஷாப்பிலும் சரி, முதலில் வருகிற பதில், "உங்க கைக்குப் பலம் பத்தலை" என்பதுதான். அதையே ஓர் ஆண் சொன்னால், மறுபேச்சில்லாமல் பானெட்டைத் திறக்கிறார்கள். இது என்ன நியாயம்?

1983-ல் வந்த மாருதி 800-ல் பவர் ஸ்டியரிங்கே கிடையாது. அதை ஓட்டிய பெண்கள் எத்தனை பேர்! நேற்று வரை லேசாகத் திரும்பின ஸ்டியரிங், இன்றைக்கு இரண்டு கையால் இழுத்தாலும் வரவில்லை என்றால், ஒரே ராத்திரியில் நம் கை மெலிந்தா போச்சு? குறை வண்டியில்தான் என்று அடித்துச் சொல்வேன்.

எங்கள் வீட்டில் இருப்பது அகல டயரும் அலாய் வீலுமாக, 'ஸ்போர்ட்டி' என்று சொல்லி விற்கிற சின்ன கார். பசங்களை ஸ்கூலில் விடுவது, மாமியாரை டாக்டரிடம் காட்டுவது எல்லாம் நான்தான். சில மாதங்களுக்கு முன், காலையில் வண்டியை எடுத்தால் ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கும். ஏ.சி.யும் ஹெட்லைட்டும் போட்டால் இன்னும் மோசம். பைபாஸில் கொஞ்ச தூரம் ஓடினால் தானாகச் சரியாகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். அங்கிருந்தவர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், "ஸ்டியரிங் செட்டையே மாத்தணும் மேடம், 40 ஆயிரம் ஆகும். அதுவரைக்கும் சாரை ஓட்டச் சொல்லுங்க" என்றார். 40 ஆயிரம் என்ன, மரத்திலா காய்க்கிறது?

வண்டியை எங்கள் தெரு முனையில் இருக்கிற பேட்டரி கடை அண்ணாவிடம் கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்பம்மா கனமா இருக்கு? நிக்கும்போதா, ஓடும்போதா?" என்பதுதான். எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டரை வைத்தார். இன்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டணுமாம். எங்களுடையது 12-க்கும் கீழே. டெர்மினலில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. நாலு வருஷத்துப் பேட்டரி. அதை மாற்றியதோடு ஸ்டியரிங் பழையபடி பூ மாதிரி ஆகிவிட்டது. 40 ஆயிரம் எங்கே, ஒரு பேட்டரி விலை எங்கே?

காரணம் ரொம்ப எளிது. இப்போது வருகிற சின்ன கார்களில் பெரும்பாலும் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்தான். நாம் திருப்பும்போது கூடவே ஒரு மோட்டார் தள்ளிக் கொடுக்கும். வோல்டேஜ் குறைந்தால் வீட்டில் கிரைண்டர் திணறுதே, அதே கதைதான். சாவி போட்டதும் டேஷ்போர்டில் ஸ்டியரிங் படம் போட்ட விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் மோட்டார் பக்கம் கோளாறு. பேட்டரி, ஆல்டர்னேட்டர், பியூஸ் மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, நின்ற இடத்திலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பல தடவை திருப்பினால் மோட்டார் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவியைக் குறைத்துக்கொள்ளும். பார்க்கிங் பழகுகிறவர்கள் இதற்குப் பயப்பட வேண்டாம். சற்று ஆறவிட்டால் சரியாகிவிடும்.

செலவில்லாத சோதனையிலிருந்து ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம். முதலில் டயர் காற்று. எத்தனை பாயிண்ட் என்று டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கும். சின்ன கார்களுக்குப் பொதுவாக 30-லிருந்து 33 வரை. முன் டயரில் காற்று குறைந்தால் ஸ்டியரிங் கனக்கத்தான் செய்யும். டயர் ஓடிச் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். அடுத்து டயரின் அகலம். மாருதி 800-க்கு 145 மில்லி மீட்டர் ஒல்லி டயர். இன்றைய ஸ்போர்ட்டி வண்டிகளில் 185, 195 என்று வருகிறது. அதற்கும் மேலே அழகுக்காக இன்னும் அகலமாகப் போட்டால், நிற்கும்போது திருப்புவது கஷ்டம்தான். டயர் பக்கவாட்டில் இருக்கிற முதல் எண்தான் அகலம். கம்பெனி சொன்ன அளவோடு ஒத்துப் பாருங்கள்.

பள்ளத்தில் விழுந்த பிறகு வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். வளைத்த ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல், திருப்பும்போது 'கடக் கடக்' என்று சத்தமும் வந்தால், முன் சஸ்பென்ஷனுக்கு மேலே இருக்கிற பேரிங் தேய்ந்திருக்கலாம். ஒரு சுற்றில் ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் லேசு என்று மாறி மாறி வந்தால், ஸ்டியரிங் தண்டின் ஜாயிண்ட் துருப்பிடித்திருக்கலாம். ஆயில் ஊற்றுகிற பழைய ரக பவர் ஸ்டியரிங் என்றால், ஆயில் குறைந்தாலோ பெல்ட் தளர்ந்தாலோ கனக்கும்.

பெரிய செலவுக்குத் தலையாட்டும் முன் ஒன்று கேளுங்கள். "முன் சக்கரம் இரண்டையும் தூக்கிவெச்சு, கையால திருப்பிப் பார்த்தீங்களா?" தூக்கினதும் லேசாகச் சுற்றினால், டயரிலோ பவர் உதவியிலோதான் குறை. தூக்கின பிறகும் இறுகியே இருந்தால்தான் ஜாயிண்ட், பேரிங், ஸ்டியரிங் ரேக் என்று போக வேண்டும். இதை ஜாக்கி, ஸ்டாண்டு உள்ள ஒர்க்‌ஷாப்பில்தான் செய்ய வேண்டும். வீட்டு வாசலில் வேண்டவே வேண்டாம்.

இது பணத்தோடு போகிற விஷயம் மட்டும் இல்லை. ஓடும்போது திடீரென்று ஸ்டியரிங் இறுகினால், திருப்பத்தில் எதிரே வருகிற பஸ்ஸுக்கு வழிவிட முடியுமா? இறுக்கம் விட்டு விட்டு வந்தால், வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். மலை இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இன்ஜினை அணைக்கிறவர்கள் வீட்டில் இருந்தால், கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் உதவியும் போச்சு.

"சாரை ஓட்டச் சொல்லுங்க" என்ற ஒரே வார்த்தையில் சாவியைக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் ஓட்டவே ஓட்டாத பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் வண்டியில் இருந்தது பத்து நிமிஷத்தில் தீர்கிற கோளாறாகக்கூட இருந்திருக்கலாம். பால் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே, எப்போது கனக்கிறது, எந்தப் பக்கம், என்ன சத்தம் என்று எழுதிக்கொண்டு போங்கள். வண்டியைக் கூட உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பத்தாவது படித்த எனக்கே இது புரிகிறது என்றால், உங்களுக்குப் புரியாதா என்ன? வண்டியின் நோயை வண்டியில் தேடச் சொல்வோம் தோழிகளே!

- ஓர் இல்லத்தரசி, கரூர்.