வட்டி கிடக்கட்டும், வாங்க ஆள் எங்கே?

ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துவிட்டது என்று செய்தி வந்தால் போதும், டி.வி.யில் நிபுணர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வட்டி குறைந்தால் கடன் பெருகும், கடன் பெருகினால் தொழில் பெருகும், தொழில் பெருகினால் நாடு செழிக்கும்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் பாதிதான் உண்மை.

கோயம்புத்தூரில் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் நூறு கிரைண்டர் செய்ய மெஷின் இருக்கிறது. விற்பது நாற்பதுதான். 'சார், வட்டி அரை பர்சன்ட் குறைஞ்சிருக்கு, லோன் எடுத்து இன்னொரு மெஷின் போடுங்க' என்று பேங்க் மேனேஜர் சொன்னால் என்ன செய்வார்? சிரிப்பார். 'வட்டி கிடக்கட்டும் சார், வாங்க ஆள் எங்கே?' என்பார்.

பொருளாதார மேதை கெயின்ஸ் 1936-லேயே இதை விளக்கிவிட்டார். நாளை என்ன ஆகுமோ என்ற பயம் வந்துவிட்டால், எல்லோரும் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். அப்போது வட்டியைக் குறைப்பது, சாப்பிட ஆள் வராத பந்தியில் மேலும் மேலும் இலை போடுகிற கதைதான்.

2020-ஐப் பாருங்கள். மார்ச்சில் 5.15 சதவிகிதமாக இருந்த ரெப்போ வட்டி, மே மாதத்துக்குள் 4-க்கு வந்துவிட்டது. வங்கிகள் என்ன செய்தன? ஏப்ரல் 15 அன்று மட்டும் 6.9 லட்சம் கோடி ரூபாய் ரிசர்வ் வங்கியிடமே திரும்பிப் போய்ப் படுத்திருந்தது! 'ஊரடங்கில் கடையே இல்லை, கடன் எதற்கு?' என்பீர்கள். சரி, முழு நிதியாண்டையும் பாருங்கள். 2020-21-ல் வங்கி டெபாசிட் 11 சதவிகிதத்துக்கு மேல் வளர்ந்தது. கடன் 6 சதவிகிதம்கூட வளரவில்லை. பணம் இருந்தது. அதைத் தொழிலில் போடும் தைரியம்தான் இல்லை.

இதற்கு விலை கொடுத்தது யார்? டெபாசிட் வட்டியை நம்பி வாழும் ரிட்டயர்டு ஆசாமிகள். ஓராண்டு டெபாசிட்டுக்குப் பெரிய வங்கிகள் தந்தது சுமார் 5 சதவிகிதம். அந்த ஆண்டு விலைவாசி ஏறியதோ சராசரியாக 6.2 சதவிகிதம். முதலே கரைந்தது.

அதே 2020-ல் நூறு நாள் வேலைத் திட்டத்துக்குக் கூடுதலாக 40,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அப்படிப் போகிற பணம் தூங்காது. கூலி வாங்குகிறவர் அன்றைக்கே அரிசி வாங்குவார், பிள்ளைக்குச் சட்டை வாங்குவார். கடைக்காரர் வீட்டில் அதுவே ஒரு நாள் கிரைண்டராகும்.

'அரசாங்கம் கடன் வாங்கிச் செலவழித்தால் வட்டி ஏறுமே, தனியார் முதலீடு நசுங்குமே?' என்பார்கள். ஏறும். எல்லா மெஷினும் முழு வேகத்தில் ஓடும்போது. பாதி மெஷின் சும்மா நிற்கும்போது அந்தப் பூச்சாண்டி எதற்கு?

2025-லும் ரெப்போ வட்டியை 6.5-லிருந்து 5.25 வரை குறைத்தார்கள். இனியும் குறைப்பார்கள், ஏற்றுவார்கள். குறைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் தவறு. அடுத்த முறை டி.வி.யில் அந்தச் செய்தி ஓடும்போது நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பட்டறையில் இந்த மாதம் எத்தனை கிரைண்டர் விற்றது?