கழுகுகள் எங்கே போயின?

மாட்டுக்குப் போட்ட ஊசி கழுகைக் கொன்றது!

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. குமாரலிங்கபுரம் போன்ற ஊர்களில் ஆடும் மாடும்தான் ஏழையின் சொத்து. மாடு நொண்டினால் வைத்தியரிடம் ஓடுகிறோம். அவர் வலிக்கு ஊசி போடுகிறார். அந்த ஊசிக்கும் வானத்தில் பறக்கும் கழுகுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. உயிர் போகிற சம்பந்தம்!

கொல்லாத பறவை

இங்கே கழுகு என்பது கோழிக்குஞ்சைத் தூக்கும் பருந்து அல்ல. செத்த பிராணியைத் தின்னும் பெரிய கழுகு. இதற்குப் 'பாறு' என்றும் பெயர். இது எதையும் வேட்டையாடிக் கொல்வதில்லை. ஒரு கூட்டம் இறங்கினால் செத்த மாடு சிறிது நேரத்தில் வெறும் எலும்பாகிவிடும். நாற்றம் இல்லை; நோய்க் கிருமியும் பரவுவதில்லை. கூலி வாங்காமல் ஊரைச் சுத்தம் செய்த பறவை இது.

திருக்கழுக்குன்றத்தில் தினமும் உச்சி வேளையில் உணவு உண்ண வந்த கழுகுகளை அறியாதவர் உண்டா? 1990-களுக்குப் பிறகு அவையும் வரவில்லை.

என்ன ஆயிற்று?

வெண்முதுகுக் கழுகு இந்தியாவில் மிகச் சாதாரணமாக இருந்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துபோயிற்று!

காரணம் புரியாமல் நிபுணர்கள் திகைத்தார்கள். பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2004-இல் வெளியாயிற்று. குற்றவாளி 'டைக்ளோபினாக்' என்ற வலி மருந்து. அந்த ஊசி போட்ட மாடு சில நாளில் செத்தால், மருந்து இறைச்சியில் தங்கும். அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டு உயிர் போய்விடும். கழுகு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். இழந்ததை எப்படி ஈடு செய்யும்?

நமக்கு என்ன நஷ்டம்?

கழுகு போன இடத்துக்குத் தெருநாய் வந்தது. நாய் பெருகினால் வெறிநாய்க்கடியும் பெருகும். தண்ணீரும் கெட்டது. கழுகு மறைந்ததால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது.

தடை வந்தது

2006-இல் கால்நடைகளுக்கு இந்த மருந்து தடை செய்யப்பட்டது. சிலர் மனிதருக்கான பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015-இல், அந்த ஊசி மருந்தை 3 மில்லி லிட்டருக்கு மேல் ஒரே புட்டியில் அடைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அசிக்ளோபினாக், கீட்டோபுரோபன் என்ற மருந்துகளும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன.

எங்கே பார்க்கலாம்?

முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கழுகுகள் இன்னும் வாழ்கின்றன. வெயில் ஏறி, காற்று சூடாகும் நேரத்தில் வானத்தைப் பாருங்கள். சிறகை அதிகம் அடிக்காமல் வட்டமிட்டு மிதக்கும். சிறகின் அடியில் முன்பக்கம் வெள்ளையாக இருந்தால் வெண்முதுகுக் கழுகு. தலை சிவப்பாக இருந்தால் செந்தலைக் கழுகு. தூரத்தில் நின்றே பாருங்கள். கூட்டை நெருங்கினால் பறவை மிரண்டு குஞ்சை விட்டுப் போய்விடும்.

நாம் என்ன செய்யலாம்?

"எங்கள் ஊரில்தான் கழுகே இல்லையே" என்று சொல்லாதீர்கள். இங்கே ஊசி போட்ட மாடு நாளை சந்தையில் கைமாறி எங்கோ போகும். தவிர, இரை விஷமாக இருக்கும் வரை கழுகு எப்படித் திரும்பி வரும்?

கால்நடை வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இது கழுகுக்குக் கெடுதல் இல்லாத மருந்தா?" மெலோக்சிகாம் என்ற மருந்து மாட்டின் வலியையும் போக்கும், கழுகையும் கொல்லாது. மருந்துக் கடையில் நீங்களாக ஊசி மருந்து வாங்கிப் போடாதீர்கள்.

மாடும் பிழைக்கட்டும், கழுகும் பிழைக்கட்டும். அதில் நம் பிள்ளைகளின் நலமும் இருக்கிறது!