ஜவ்வாது மலை நம்ம மேட்டுக்கொல்லை

பாலாறு என்று பேச்செடுத்தால் நம் பக்கத்து உழவர்கள் இரண்டு சங்கதி சொல்வோம். மேலே ஆந்திராவில் தடுப்பணை கட்டிட்டாங்க என்பது ஒன்று. தோல் கழிவு ஆற்றைக் கெடுத்துடுச்சு என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை எந்த உழவர் கூட்டத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதுதான் ஜவ்வாது மலை.

நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு ஏறத்தாழ 348 கி.மீ. ஓடுகிறது. அதில் 222 கி.மீ. தமிழ்நாட்டில். மேலிருந்து தண்ணீர் வராத வருஷத்திலும் இந்த நீளத்துக்கு நீர் கொடுக்க நமக்கென்று ஒரு மலை உண்டு. வங்கக் கடலோரமாக ஒடிசாவிலிருந்து அறுந்து அறுந்து இறங்கிவரும் கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஜவ்வாது ஒரு துண்டு. அகரம் ஆறு அங்கிருந்து இறங்கிப் பாலாற்றில் சேர்கிறது. செய்யாறும் கமண்டல நாகநதியும் அங்கேதான் பிறக்கின்றன. நாகநதி செய்யாற்றில் கலக்க, செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கூடிக் கடலுக்குப் போகிறது. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டத்தில் பரந்து கிடக்கும் அந்த மலை நம் கிணறுகளுக்கெல்லாம் மேட்டுக்கொல்லை. மேட்டுக்கொல்லையில் மண் அரித்தால் பள்ளத்துக் கழனிக்கு என்ன ஆகும் என்று உழவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இந்த மலைக்குப் பழைய கணக்கு உண்டு. 'குள்ளர் குகை' என்று மலைமக்கள் சொல்லும் கற்திட்டைகள் பெருங்கற்காலத்தவை. அடிவாரத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. ஆநிரை மீட்டு இறந்தவர்களுக்கு நட்ட கல் அவற்றில் நிறைய. மாட்டுக்காக உயிர் கொடுத்தவனுக்குக் கல் நட்ட ஊர் அது. பத்துப்பாட்டில் கடைசியான மலைபடுகடாம் இதே செங்கத்து நன்னனையும் சேயாற்றையும் பாடியது. அந்தச் சேயாறுதான் இன்றைய செய்யாறு. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். பாலாற்றங்கரையிலிருந்து மலைக்குப் போனவர்கள். அந்தக் கதைப்படி பார்த்தால் அவர்கள் நமக்குப் பங்காளிகள்.

தோல் தொழிலுக்கும் இந்த மலைக்கும் உறவு உண்டு. ஒரு காலத்தில் நம் பக்கத்தில் தோல் பதனிட்டது ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும். ஆவாரை கரம்பில் கிடைத்தது. கடுக்காய் காட்டுச் சரக்கு. 1903 வாக்கில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் பழக்கிக் காட்டினார். 1970களில் பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்ப மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தபின் அந்தக் குரோம் எங்கும் பரவியது. பட்டை போய் ரசாயனம் வந்தது. ஆற்றுக்கு நடந்த கேடு நாடறிந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தப் போராட்டம் நிற்கக்கூடாது. ஆனால் தீர்ப்பு ஆற்றில் தண்ணீர் விடாது. ஓட்டமில்லாத ஆற்றில் கழிவை நிறுத்தினாலும் மணல்தான் மிஞ்சும்.

தண்ணீர் நிற்பது காட்டில். சருகும் வேரும் இருந்தால் மழை மலைக்குள் இறங்கி மாசக்கணக்கில் ஊறி வரும். மொட்டையாக இருந்தால் ஒரே நாளில் ஓடிவிடும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தோம். நம் வாலாஜா அணைக்கட்டைத் தாண்டிப் போன அத்தனை வெள்ளமும் கடலுக்குத்தான் போனது. வெள்ளமும் வறட்சியும் ஒரே நோயின் இரண்டு முகம்.

அந்தக் காட்டைக் காப்பது யார்? 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்கள். சொந்த மலையில் சாமை விளைவிக்கத் தெரிந்தவன் ஏன் அடுத்த மாநிலத்துக் காட்டில் கோடாலி பிடிக்கப் போனான்? சாமைக்கு விலை இல்லை. அவ்வளவுதான்.

வங்கியில் இருந்த காலத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த கணக்கு இது. சிறு உழவர் விற்கிற நாளை அவர் தீர்மானிப்பதில்லை, கடன் தீர்மானிக்கிறது. களத்திலேயே சாமை கைமாறிவிடும். பட்டா இல்லாத நிலத்தில் உழுபவருக்கு வங்கிக் கடனும் சுலபத்தில் கிடைக்காது. அப்புறம் அதே சாமை தவிடு போகத் தீட்டி, வெள்ளையாகி, நகரத்துக் கடையில் 'ஆரோக்கிய உணவு' என்று பலமடங்கு விலைக்கு நிற்கும். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினோம். மேடையில் சாமைப் பொங்கல் சாப்பிட்டோம். விளைவித்தவர் கையில் என்ன தங்கியது என்று யார் கேட்டோம்?

மலைக்கு ரோடு போட்டு, கோடை விழா நடத்தி, சுற்றுலா வளர்த்தால் எல்லாம் சரியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். ரோடு வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகவாவது வேண்டும். ஆனால் விடுதியும் பாட்டிலும் பிளாஸ்டிக்கும் காட்டைக் காத்ததாக நான் பார்த்ததில்லை.

நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பாலாற்றுப் படுகையின் இயற்கை உழவர் குழுக்கள் ஒவ்வொன்றும் மலையில் ஒரு ஊரோடு உறவு வைக்கட்டும். விதைப்புக்கு முன்பே விலை பேசி, ஒரு பங்கு முன்பணம் கொடுக்கட்டும். சாமையை உமியோடு வாங்குங்கள். உமியோடு இருந்தால் நெடுநாள் கெடாது, உமி நீக்கித் தவிட்டோடு வைத்தால்தான் சிக்கு வாடை அடிக்கும். மாசாமாசம் தேவைக்கு மட்டும், தவிடு போகாமல் அரைத்துக்கொள்ளலாம். புளி, தேன், கடுக்காய், நெல்லியும் அப்படியே. மலையிலேயே உமி நீக்கும் இயந்திரம் வைக்கச் சொல்லி நாமும் சேர்ந்து மனு கொடுப்போம். 2006 வன உரிமைச் சட்டப்படி அவர்களுக்குச் சேரவேண்டிய உரிமைக்கும் நம் சங்கம் குரல் கொடுக்கவேண்டும்.

இதை யாரும் தர்மம் என்று நினைக்கவேண்டாம். கீழே ஏரிக்கு மதகு கட்டியவர்கள் வரத்துக் கால்வாயையும் தூர்வாரினார்கள். நம் வரத்துக் கால்வாய் அந்த மலையில் ஆரம்பிக்கிறது. அங்கே இருப்பவர் சாமை விதைத்து நிமிர்ந்து வாழ்ந்தால்தான் இங்கே நம் கிணற்றில் தண்ணீர் ஊறும். அடுத்த மாசக் கூட்டத்தில் ஆந்திராவைத் திட்டுவதற்கு முன்னால், ஜவ்வாது மலையில் எந்த ஊர் நம்ம ஊர் என்று முடிவு பண்ணுங்க.