கடலுக்கும் கால அட்டவணை உண்டு

மழைக்காலம் தொடங்குமுன் மும்பை மாநகராட்சி ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்தெந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, கடல் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் என்பது அதில் இருக்கும். பத்திரிகைகளும் அதைப் பிரசுரிக்கின்றன. தண்டவாளத்தில் தண்ணீர் நிற்குமா, லோக்கல் வண்டி ஓடுமா என்ற கவலையில் ஜனங்கள் அதைப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு ஜூஹூவுக்கோ பாந்திராவுக்கோ புறப்படும்போது அதைப் பார்ப்பவர்கள் அபூர்வம்.

2016 ஜனவரியில் பாந்திரா பேண்ட்ஸ்டாண்டு பாறைகளில் செல்பி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கடலில் விழுந்தனர். அவர்களில் ஒருவரும், காப்பாற்றக் குதித்த ஒருவரும் மாண்டனர். அடுத்த மாதமே, சுற்றுலா வந்த புனே மாணவர்கள் 14 பேர் முருட் கடற்கரையில் மூழ்கினர். 2023 ஜூனில், அரபிக்கடலில் பிபர்ஜாய் புயல் இருந்த சமயம், ஜூஹூவில் நாலு சிறுவர்கள் போயினர். மறு மாதம் அதே பேண்ட்ஸ்டாண்டில் கணவனும் குழந்தைகளும் பார்த்திருக்க ஒரு பெண்ணை அலை இழுத்துச் சென்றது. இவற்றில் முதல் இரண்டும் மழைக்காலத்தில் நடந்தவை அல்ல என்பது கவனிக்கத்தக்கது. மழை இல்லை, வானம் தெளிவு, ஆகவே பயமில்லை என்ற கணக்கு இங்கே செல்லாது.

தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஓர் அபாயம் இருக்கிறது. தூத்துக்குடி, திருச்செந்தூர், சென்னைக் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கடல் ஏறுவதும் வற்றுவதும் பெரிய விஷயமாகத் தோன்றாது. அங்கே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். மும்பையிலோ பெரிய ஏற்ற நாட்களில் அது நாலு மீட்டரையும் தாண்டும். வற்றிய நேரத்தில் பேண்ட்ஸ்டாண்டின் கறுத்த பாறைகள் வெகுதூரம் வெளியே தெரியும். நடந்தே போய் நுனியில் உட்காரலாம். திரும்ப ஏறும்போது தண்ணீர் பாறைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில்தான் முதலில் புகும். முன்னால் அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் வழி அடைபட்டது தெரியாது. எழுந்து ஓடினால் பாசி வழுக்கும். ஊர்க் கடலில் நீந்திய தைரியம் இங்கே உதவாது.

இந்த நேரத்தைக் கணக்கிடப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி போதும். அமாவாசை, பௌர்ணமி அன்று மும்பையில் கடல் உச்சத்துக்கு ஏறுவது ஏறக்குறைய நடுப்பகலிலும் நள்ளிரவிலும். மாலை ஆறு மணி வாக்கில் வற்றியிருக்கும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே பௌர்ணமி கழிந்த ஐந்தாம் நாள் ஏற்றம் மாலை நாலு மணியை ஒட்டி வரும். குடும்பங்கள் கடற்கரையில் வந்து இறங்குகிற அதே நேரம்! இது தோராயக் கணக்குத்தான். சரியான நிமிடத்துக்குப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். கரையோரம் வாழும் கோலி மீனவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். மராத்தியில் ஏற்றத்துக்குப் பர்தி, வற்றத்துக்கு ஓஹோட்டி என்று பெயர்.

நேரம் தெரிந்தால் மட்டும் போதும் என்பதற்கில்லை. எங்கோ தொலைவில் நடுக்கடலில் கிளம்பும் பேரலைகள், காற்றே இல்லாத நாளிலும் திடீரெனக் கரைமேல் ஏறிவிடும். கேரளத்தில் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி டாக்டர்கள் இறந்தது இந்தச் சமயத்தில்தான். ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் முன்னதாகவே எச்சரிக்கை விட்டிருந்தது. கோடை விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

மலாடுக்கு அப்பால் உள்ள அக்ஸாவின் ஆபத்து வேறு வகை. பார்வைக்குச் சாதுவான கடல். ஆனால் அடியில் மணல் இடம் மாறிப் பள்ளம் விழுகிறது. முழங்கால் ஆழம் என்று நின்றவர் அடுத்த அடியில் மூழ்கிவிடுவார். உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி நீரோட்டத்தை விட்டு விலகியபிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவரும் பதறிக் குதிக்கக் கூடாது. கயிறோ, சேலையோ, மூடிய காலி கேனோ எறிந்துவிட்டு, கடற்கரைக் காவலர்களைக் கூப்பிட வேண்டும். ஒருவர் போகவேண்டிய இடத்தில் இருவர் போவது இதனால்தான்.

கரையில் போட்டுவரும் குப்பையும் கடலோடு போய்விடுவதில்லை. பெரிய ஏற்றத்தன்று மரைன் டிரைவ் நடைபாதையில் கடல் அதைத் திருப்பிக் கொட்டிவிட்டுப் போகிறது. மறுநாள் காலையில் அள்ளுகிறவர் துப்புரவுத் தொழிலாளி. வர்சோவாவில் 2015 முதல் தொண்டர்கள் குப்பையை அள்ளினார்கள். 2018 மார்ச்சில் அங்கே பங்குனி ஆமைக் குஞ்சுகள் பொரித்துக் கடலுக்குள் போயின.

அதிகாரிகள் செய்தது என்ன? 2016 சம்பவத்துக்குப் பிறகு செல்பி கூடாத இடங்கள் என 16 இடங்களைப் போலீஸார் குறித்தனர். 2022 ஜூலையில், வானிலை இலாகா ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடும் நாட்களில் காலை 6 முதல் 10 மணி வரை மட்டுமே கடற்கரையில் அனுமதி என்று மாநகராட்சி உத்தரவிட்டது. தடை தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேராக வாழ்கிறவனுக்குக் காசில்லாமல் காற்று கிடைப்பது கடற்கரையில் மட்டும்தான். போகாதே என்று சொன்னால் அவன் கேட்கப்போவதில்லை. எப்போது போகலாம் என்று சொன்னால் கேட்பான். அன்றைய ஏற்ற நேரத்தையும் வற்ற நேரத்தையும் கடற்கரை வாயிலிலும், பாந்திரா, அந்தேரி, மலாடு நிலையங்களின் வெளிவாசலிலும் மராத்தி, ஹிந்தியோடு தமிழிலும் தினசரி எழுதி வைக்கலாம். ரயில் தாமதத்தை எழுதுகிற பலகையில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது.